காவடி எடுக்காத வருடம்

கும்பிட்ட தெய்வமே என்னைக் கீழே தள்ளிவிட்டது என்று நான் நம்பிய நாட்கள் உண்டு. அதை மறைத்துவிட்டுச் சொன்னால் இது பாதிச் சாட்சிதான். அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

மலாய் நாடு சுதந்திரம் அடைந்ததற்கு அடுத்த வருடம். எனக்குப் பத்தொன்பது வயது. காஜா பெராங் என்ற பகுதியில், மாரியம்மன் கோயிலுக்கு இரண்டு தெரு தள்ளி எங்கள் வாடகை வீடு. அப்பா ரோடு ரோலர் ஓட்டினார். சுதந்திரத்தைக் கொண்டாடிய நாளில் ஊர்த் திடலில் பட்டாளத்தார் அணிவகுத்துப் போனதைக் கூட்டத்தில் நின்று பார்த்தேன். அத்தனை பூட்ஸும் ஒரே சத்தமாக விழுந்தன. அன்று பிடித்த பைத்தியம் அது. நானும் அப்படி நடக்க வேண்டும், அம்மா ஓரமாக நின்று அதைப் பார்க்க வேண்டும். வேறு ஆசை எனக்கு இருந்ததாக ஞாபகமே இல்லை.

மனுவைப் போட்டுவிட்டு நேராகக் கோயிலுக்குப் போனேன். என்னைப் பட்டாளத்தில் எடுத்துக்கொண்டால் சித்திரைத் திருவிழாவில் காவடி எடுக்கிறேன் என்று அம்மனிடம் நேர்ந்துகொண்டேன். எடுத்துக்கொண்டார்கள். முகாமுக்குப் போகும் முன் அம்மா என் கையில் மஞ்சள் காப்பு கட்டிவிட்டாள்.

காவடிக்கு நாற்பத்தெட்டு நாள் விரதம். அது பயிற்சியின் நட்டநடுவில் வந்து விழுந்தது. விவரம் உள்ளவனாக இருந்தால் சார்ஜண்டிடம் சொல்லியிருப்பான். நான் சொல்லவில்லை. கேலி செய்வார்கள், நோஞ்சான் என்று வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள் என்று பயம். காப்பைச் சட்டைக் கைக்குள் இழுத்துவிட்டுக்கொண்டேன். ஒரு வேளைதான் சோறு. முட்டை, இறைச்சி எல்லாம் பக்கத்தில் உட்காருபவன் தட்டுக்குப் போகும். அவன் நன்றாகக் கொழுத்தான், நான் இளைத்தேன்.

பதினேழாம் நாள் காலை. இரண்டு ஆள் உயர மரச்சுவரில் ஏறித் தாண்ட வேண்டும். உச்சியில் கை வைத்ததும் கண் இருட்டிக்கொண்டு வந்தது. விழுந்தபோது வலது முழங்கால்தான் முதலில் தரையைத் தொட்டது என்று பிறகு சொன்னார்கள்.

பட்டாளத்து ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டு போட்டுப் படுக்க வைத்தார்கள். எலும்பு கூடும், ஆனால் முட்டி இனி முழுதாக மடங்காது என்றார் டாக்டர். மூன்று வாரம் கழித்து ஒரு தாள் வந்தது. அதில் இரண்டே வழி. பட்டாளத்தை விட்டுப் போகலாம், அல்லது ஸ்டோரில் சாமான் எடுத்துக் கொடுக்கும் வேலையில் இருக்கலாம். ஒன்றில் குறி போட்டுக் கையெழுத்திட வேண்டிய கடைசி நாள், நான் காவடி எடுக்க வேண்டிய அதே வெள்ளிக்கிழமை.

அப்பாவும் அம்மாவும் பஸ் பிடித்து வந்தார்கள்.

"போதும்டா. கையெழுத்தப் போட்டுட்டு வீட்டுக்கு வா. ரோட்டு வேலையில சொல்லி வெச்சிருக்கேன்" என்றார் அப்பா.

அம்மா என் மணிக்கட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். "இந்தக் கையாலதானே காப்புக் கட்டுனேன். என்ன கொற வெச்சோம்னு தெரியலையேய்யா" என்று அழுதாள். கொஞ்சம் தேறி, "ஒனக்குப் பதிலா நான் பால்கொடம் எடுக்குறேன். நீ படுத்தபடியே ஆத்தாவக் கூப்புடு" என்றாள்.

"எடுத்தா மட்டும் என்னத்தக் கிழிக்கப் போறா ஒங்க ஆத்தா" என்று சொல்லிவிட்டேன். அம்மாவின் முகம் வெளுத்துப் போனது. இன்றைக்கும் அந்தச் சொல்லை நினைத்தால் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

அவர்கள் போன பிறகு சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டு கூப்பிட்டேன். வேண்டுதல் என்று சொல்ல முடியாது, சண்டைதான். கால் கொடு. ஒரே ஒரு தடவை அணிவகுத்து நடந்துவிட்டால் போதும், அப்புறம் எடுத்துக்கொள். தினமும் இதையேதான் கேட்டேன். வார்டு ஜன்னல் வழியாகத் திடலில் லெப்ட் ரைட் சத்தம் கேட்கும். கட்டுக்குள்ளிருந்து என் கால் விரல்கள் அதற்கு ஏற்ப அசையும். அதைப் பார்த்து அழுவேன்.

பக்கத்துக் கட்டிலில் கோப்ரல் பதவியில் இருந்த ஒருவர் மஞ்சள் காமாலையோடு கிடந்தார். என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். மலாயில்தான் பேசுவார். எல்லோரும் அவரை 'அபாங்', அண்ணன், என்றே கூப்பிட்டார்கள். மலாய்க்காரர் என்று நினைத்து நானும் அதிகம் பேசவில்லை.

வியாழக்கிழமை மத்தியானம். மறுநாள் கையெழுத்து. ஊரில் கரகம் ஜோடித்துக்கொண்டிருப்பார்கள் என்ற நினைப்பு வந்தது. பத்து வயதிலிருந்து அந்தக் கோயிலில் உடுக்கை அடித்தவன் நான். என்னை அறியாமலே விரல்கள் கட்டிலின் இரும்புச் சட்டத்தில் தட்ட ஆரம்பித்தன. அபாங் எழுந்து உட்கார்ந்துவிட்டார்.

"அது கரகம் வெளியே வரும்போது அடிப்பது. காஜா பெராங்கில். உனக்கு எப்படித் தெரியும்?" என்று மலாயில் கேட்டார்.

அவர் எங்கள் பகுதியிலேயே இருக்கும் கம்போங் செட்டிக்காரர், பல தலைமுறைக்கு முன் குடியேறிய தமிழர் வழி! அந்த ஜனங்கள் வீட்டில் பேசுவது மலாய், கும்பிடுவது நம் மாரியம்மனை. இத்தனை வாரமாக என் ஊர்க்காரர், என் கோயில்காரர், கை எட்டும் தூரத்தில் படுத்திருக்கிறார். நான் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

எல்லாவற்றையும் கொட்டினேன். விரதத்தை மறைத்ததைக் கேட்டதும் அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "போன வருடம் நானும் விரதம் இருந்தேன். சமையல்காரரிடம் சொன்னேன், மூன்று வேளையும் பருப்பும் கீரையும் தனியாகக் கொடுத்தார். அம்மன் உன்னிடம் விரதம் கேட்டாள். ஒளித்து வைக்கச் சொல்லிக் கேட்டாளா?" என்றார். எனக்குச் சுருக்கென்றது. ஆனால் நெஞ்சிலிருந்து ஒரு பாரமும் இறங்கியது. அம்மன் என்னைத் தள்ளவில்லை. என் பயம்தான் தள்ளியது.

அப்புறம் அவர் ஒரு கரண்டியை எடுத்துத் தகரக் குவளையில் தட்டினார். நீளமும் குட்டையுமாக ஏதோ ஒரு தாளம். "இதைத் திருப்பி அடி." அடித்தேன். இன்னும் நீளமாகத் தட்டினார். அதையும் அடித்தேன். வேகமாகத் தட்டினார். ஒன்றுகூடப் பிசகவில்லை. அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

அவர் வேலை பார்த்தது கம்பியில்லாத் தந்திப் பிரிவில். தட்டியது எல்லாம் தந்தி எழுத்துகள். "அடெக்" என்றார். தம்பி என்று அர்த்தம். "இதைப் பிடிக்கவே எங்கள் ஆட்களுக்கு மாதக்கணக்கில் ஆகும். நாளைக்கு எங்கள் ஆபீசர் என்னைப் பார்க்க வருகிறார்."

வெள்ளிக்கிழமை காலை அந்த ஆபீசர் வந்தார். என் காலை அவர் பார்க்கவே இல்லை. கண்ணை மூடச் சொல்லிவிட்டு மேஜையில் பென்சிலால் தட்டினார். நான் மனதில் அம்மனைக் கரகத்தோடு நிறுத்திவிட்டு, திருப்பித் தட்டினேன். அரை மணி நேரம் போயிருக்கும். என் தாளை வாங்கி, அச்சடித்த இரண்டு வரிகளுக்குக் கீழே பேனாவால் மூன்றாவதாக, தந்திப் பிரிவில் வேலை என்று ஒரு வரி எழுதி நீட்டினார்.

சந்தோஷத்தில் துள்ளினேன் என்று சொன்னால் பொய். பேனாவைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன். அந்த வரியில் குறி போட்டால் அணிவகுப்பு எனக்கு இனி என்றைக்கும் இல்லை. கேட்டது கால். இவள் கொடுப்பது வேறு ஏதோ. வெளியே திடலில் பூட்ஸ் சத்தம் போய்க்கொண்டே இருந்தது. அது தேய்ந்து நிற்கும்வரை காத்திருந்தேன். பிறகு, "சரி தாயே, உன் இஷ்டம்" என்று வாய்விட்டுச் சொல்லிக் குறி போட்டேன்.

அம்மாவின் பால்குடம் கோயில் வாசலுக்கு வந்ததும் அதே நேரம்தானாம். நான் கடிகாரம் பார்க்கவில்லை. அம்மா சொன்னாள், நம்புகிறேன்.

அதன் பிறகு ஓய்வு பெறும்வரை அந்தப் பிரிவில்தான் இருந்தேன். காட்டுக்குள் நடந்த சண்டைகளில் காயம்பட்டுக் கிடந்தவர்களுக்கு இந்த விரல்கள் தட்டிய செய்தியால் உதவி போயிருக்கிறது. முட்டி கடைசிவரை மடங்கவில்லை.

சில வருடம் கழித்து எங்கள் ஊர்த் திடலிலேயே அணிவகுப்பு. எனக்குத் திடலின் பின்னால் நின்ற தந்தி வண்டிக்குள் வேலை. அம்மா நல்ல சேலை கட்டிக்கொண்டு வந்து, போகிற வரிசையில் எல்லாம் என்னைத் தேடியிருக்கிறாள். கடைசியில் யாரையோ கேட்டு வண்டிக்குப் பின்னால் வந்துவிட்டாள். நான் காதில் கருவியை மாட்டிக்கொண்டு தட்டிக்கொண்டிருந்தேன். முடித்துத் திரும்பினால் கதவருகே அவள் நிற்கிறாள்.

"எம்மா, நான் நடக்குறத ஒனக்குக் காட்ட முடியலையே" என்றேன்.

"எனக்கு எதுக்குய்யா அது? ஆத்தா முன்னாடி உடுக்க அடிக்கும்போது ஒம் மொகம் எப்படி இருக்குமோ, அப்படியே இருந்துச்சு. அதப் பாத்துட்டேன், போதும்" என்றாள்.

அம்மன் பிள்ளைகளே, உங்களிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். உங்கள் நேர்த்திக்கடனை யாரிடமும் ஒளிக்காதீர்கள். கேட்டது கிடைக்கவில்லை என்று சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துவிடாதீர்கள். அவள் அனுப்பும் ஆள் அடுத்த கட்டிலில் இருக்கலாம். நான் மட்டும் ஆசையை விட்டுவிட்டேனா என்றால், இல்லை. ஒவ்வொரு சித்திரையும் கோயில் தூண் ஓரம் காலை நீட்டி உட்கார்ந்து உடுக்கை அடிக்கிறேன். கரகம் என்னைத் தாண்டிப் போகும்போது, அடுத்த பிறவியிலாவது ஒரு தடவை நடக்க வை தாயே என்று கேட்கிறேன். கேட்டுக்கொண்டே அடிக்கிறேன்.