வலி நின்ற பல்

இன்று தஞ்சாவூரில் பல் டாக்டரிடம் நன்றாக மாட்டிக்கொண்டேன்.

மூன்று மாதம் முன்பு கடைவாய்ச் சொத்தைப் பல்லில் உயிர் போகிற வலி. மெடிக்கலில் மாத்திரை வாங்கிப் போட்டேன். ஒரு வாரத்தில் வலி நின்றது. சரியாகிவிட்டது என்று நானே முடிவு கட்டினேன். இன்று காலை ஈறில் ஒரு கொப்புளம் தெரிந்ததால்தான் போனேன்.

டாக்டர் எக்ஸ்ரேயில் வேர் நுனியைக் காட்டினார். உருண்டையாக ஒரு கறுப்பு.

"நரம்பு செத்துப்போச்சும்மா, அதான் வலி நின்னுது. கிருமி நிக்கல. வேர் நுனிக்கு இறங்கி சீழ் கட்டியிருக்கு. சுத்தி எலும்பையும் அரிச்சிருக்கு."

"பல்லு தப்பிச்சுடுமா டாக்டர்?"

"வேர் சிகிச்சை பண்ணிப் பாப்போம்."

வயல்களில் நான் தினமும் சொல்லும் அதே 'பாப்போம்'. நான் வேளாண்மைத் துறையில் வேலை பார்ப்பவள்.

வெளியே வந்தால், திருவையாற்றுப் பக்கத்து விவசாயி ஒருவர் கன்னத்தைப் பிடித்தபடி உட்கார்ந்திருக்கிறார். போன மாதம் அவர் நெல் வயலைப் பார்க்கப் போயிருந்தேன். என்ன ஆச்சு என்று கேட்டார். சொன்னேன்.

அவர் சிரிக்கவில்லை.

"மேல பச்சையா இருக்குன்னு நம்பாதீங்க, ஒரு குத்து நெல்லைப் பிடுங்கி வேரைப் பாருங்கன்னு நீங்கதான மேடம் சொன்னீங்க? வேரு கறுத்திருந்துச்சு. அன்னிக்கே தண்ணிய வடிச்சுட்டேன்."

"உங்களுக்கு எத்தனை நாளா வலி?" என்று பேச்சை மாற்றினேன்.

"நேத்து சாயந்தரத்துலேருந்து."

அடுத்த வாரம் அவர் வயலுக்கு மறுபடியும் போக வேண்டும். அங்கே யார் யாருக்கு ஆலோசனை சொல்வது என்று நீங்களே சொல்லுங்கள்.