ஊசிக்கு வைத்த நோன்பு

எனக்கு ஊசி என்றால் பயம். பட்டரவாக்கத்தில் ஒரு பட்டறையில் முப்பது பேரை வேலை வாங்குகிற சூப்பர்வைசர், நாற்பத்தாறு வயதில், இதை வெளியில் சொல்ல முடியுமா? அதனால் அந்த ரமலானில் கடைவாய்ப்பல் சொத்தையாகி உயிரை வாங்கியபோது, பழியைத் தூக்கி நோன்பின் மேல் போட்டேன். பல் டாக்டர் ஊசி போடுவார், போட்டால் நோன்பு முறிந்துவிடும் என்றேன். சரி, நோன்பு திறந்த பிறகு போகலாமே என்றால், தராவீஹ் தொழுகை இருக்கிறதே என்றேன். பகலுக்கு ஒரு சாக்கு, ராத்திரிக்கு ஒரு சாக்கு.

இதை அப்படியே நம்பியவன், லேத்தில் வேலை செய்யும் என் நண்பன். திருநின்றவூரிலிருந்து ரயிலில் வருகிறவன். நோன்பு மாதம் முழுக்க என் எதிரில் டீ குடிக்க மாட்டான். நீ குடித்தால் என் நோன்பு முறியாதுடா என்று எத்தனை முறை சொல்லியும் கேட்டதில்லை. வேலை விட்டதும் தூக்குவாளியோடு பள்ளிவாசலுக்குப் போய், நோன்புக் கஞ்சி வாங்கிக்கொண்டுதான் ரயில் ஏறுவான். வருடக்கணக்காக அந்த வரிசையில் நிற்பதால், அங்கே தொழுகை நடத்தும் ஹஜ்ரத்துக்கு என்னைவிட அவனை நன்றாகத் தெரியும். என் திட்டத்தில் ஓட்டை விழுந்தது அங்கேதான்.

நான் சாக்குச் சொன்ன மறுநாள் என் கன்னம் பன் மாதிரி உப்பியிருந்தது. மத்தியானம் அவன் வந்து நின்றான்.

"ஹஜ்ரத்தாண்ட கேட்டுகினு வந்துட்டேன் மாமே. ஊசி போட்டா முறியாதாம். பல்ல புடுங்குனாலும் முறியாதாம், ரத்தத்த மட்டும் முழுங்காம துப்பிடணுமாம். வா, போலாம்."

ஹஜ்ரத் இன்னொன்றும் சொன்னாராம். நோன்பு வைத்துக்கொண்டு பொய் சொன்னால் நோன்பு முறியாது, ஆனால் நன்மை போய்விடும், பட்டினி கிடந்ததுதான் மிச்சம் என்று. அதை ஏன் என் முகத்தையே பார்த்துச் சொன்னான் என்று யோசிப்பதற்குள் வண்டியில் ஏற்றிவிட்டான்.

டாக்டர் சின்னப் பெண். அவர் ஊசியை எடுத்ததும் நான் நண்பனின் மணிக்கட்டைப் பிடித்தேன். பல் வந்த பிறகுதான் விட்டேன். திரும்பும் வழியெல்லாம் ஒரு சொட்டுகூட உள்ளே போகக் கூடாதென்று சிக்னலுக்குச் சிக்னல் துப்பினேன். பான் போடுகிறவன் என்று நினைத்து ஒரு போலீஸ்காரர் முறைத்தார்.

நோன்பு முறியவில்லை. ஆனால் நாளை வரை சூடாக எதுவும் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். சாயங்காலம் பள்ளிவாசலில் பேரீச்சம்பழத்தை மறுபக்கத்துப் பல்லால் கடித்து நோன்பு திறந்தேன். எதிரில் கஞ்சி ஆவி பறந்துகொண்டிருந்தது. ரயிலை விட்டுவிட்டு அவன் பக்கத்தில் உட்கார்ந்து, அதை இரண்டு டம்ளரில் மாற்றி மாற்றி எனக்காக ஆற்றிக்கொண்டிருந்தான். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. ஊசிக்குப் பயந்துதான் நோன்பைச் சாக்குச் சொன்னேன் என்று ஒப்புக்கொண்டேன்.

ஆற்றுவதை அவன் நிறுத்தவில்லை.

"தெரியும் மாமே. போன வருசம் கம்பெனில ரத்தம் எடுக்க வந்தப்பவும் நோன்புன்னுதான் சொன்ன. கைல டீ கிளாஸ வெச்சுகினு."