எசென்கெல்தி உட்கார்ந்து பார்க்கிறார்

கண்ணை மூடிக்கொண்டு, பெல்ட்டைத் தளர்த்திவிட்டு, கார்க் கடையில் புதுக் காருக்குள் உட்கார்ந்திருப்பார் எசென்கெல்தி. ஸ்டீயரிங்கைத் தொடவே மாட்டார். வயிறு முட்டக் குதிரைக்கறி சாப்பிட்டுவிட்டுத்தான் கடைக்கு வருவார். "வெறும் வயித்துக்கு எந்த சீட்டும் சுகமாத்தான் இருக்கும். வயிறு நெறைஞ்சப்புறம்தான் அதோட வண்டவாளம் தெரியும்" என்பது அவர் கட்சி.

அல்மாட்டி நகரத்தில் கார் விற்பவர்கள் அவரைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். அறுநூறு குதிரைசக்தி என்று யாராவது ஒப்பிக்க ஆரம்பித்தால், "குதிரைய என்கிட்டயே விக்கிறியா? எனக்கு மேய்ச்சல்ல முப்பது நிக்குது. பின்பக்கத்துக்கு என்ன வச்சிருக்கே, அதைச் சொல்லு" என்பார்.

இளவயதில், குதிரை மேலிருந்தபடி செத்த ஆட்டின் உடலைப் போட்டி போட்டுப் பறிக்கும் விளையாட்டில் விழுந்து வால் எலும்பை உடைத்துக்கொண்டவர். அதற்காக ஆமை வேக வண்டி வாங்குவாரா? மாட்டார். வேகமும் வேண்டும், மெத்தையும் வேண்டும். ஊரிலுள்ள அத்தனை கடைகளிலும் உட்கார்ந்தார். ஒன்றிரண்டில் குறட்டையும் விட்டார். ஒரு வழியாக, முதுகைப் பிசைந்துவிடும் சீட்டுள்ள கறுப்புக் கார் ஒன்றை வாங்கினார். பக்கத்து வீட்டுக்காரனான என்னிடம் மட்டும், "தம்பி, இதுல உக்காந்தா எனக்கு இடுப்புன்னு ஒண்ணு இருக்கறதே மறந்து போகுதுடா" என்று சொல்லி நிஜமாகவே கண் கலங்கினார். எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது.

மற்றவர்களிடம் பேச்சே வேறு. "சீட்டா அது? பாறாங்கல்லு! நல்லா ஏமாத்திட்டானுங்க." இடுப்பைப் பிடித்துக்கொண்டு ஒரு முனகல் வேறு. எல்லாம் அக்கா மகன் நுர்தாய்க்குப் பயந்துதான். எங்கள் வழக்கப்படி தாய்மாமனிடம் அக்கா, தங்கை மகன் வாழ்நாளில் மூன்று முறை எதை வேண்டுமானாலும் கேட்கலாம். மாமன் இல்லை என்று சொன்னால் மானம் போச்சு. பந்தயக் குதிரை போயாயிற்று, வேட்டைத் துப்பாக்கியும் போயாயிற்று. இன்னும் ஒரு முறை பாக்கி இருக்கிறது.

போன ஞாயிற்றுக்கிழமை விருந்துக்கு வந்த நுர்தாயின் வண்டியை உள்ளே விட இடமில்லை. எசென்கெல்தி குளித்துக்கொண்டிருந்தார். அவர் மனைவி குல்பாஷ், "மாமா காரைக் கொஞ்சம் நகத்தி வச்சுட்டு உன்னுத விடுப்பா" என்று சாவியை நீட்டிவிட்டார். போனவன் திரும்பி வரவில்லை. விருந்துக்கு வந்திருந்த நானும் குல்பாஷும் ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தோம். வாயைப் பிளந்துகொண்டு சீட்டில் சொக்கிக் கிடந்தான். தலையைத் துவட்டிக்கொண்டு வந்த எசென்கெல்தியும் பார்த்துவிட்டார்.

"அடிப்பாவி, குடியக் கெடுத்தியேடி!"

"பாறாங்கல்லுன்னு நீங்கதானே ஊரெல்லாம் சொன்னீங்க? கல்லு மேல அவன் உக்காந்தா உங்களுக்கென்ன?" என்றார் குல்பாஷ்.

நுர்தாய் முகமெல்லாம் பளபளக்க உள்ளே வந்தான். மாமனிடம் சாவியைக் கொடுத்துவிட்டு எதிரே உட்கார்ந்தான்.

"மாமா, அந்த சீட்டு இருக்கே..."

"பேச்சு அப்புறம். ஆ காட்டு மாப்ள!"

பெரியவர் கையால் ஊட்டினால் சின்னவர் மறுக்கக் கூடாது. கொழுப்போடு ஒரு பிடி இறைச்சியை அவன் வாய்க்குள் திணித்தார். நாற்பது வயது மருமகன் கன்னம் உப்ப மென்றான்.

"மாமா, நான் என்ன சொல்ல வர்றேன்னா..."

"தெரியும்டா, பசி!"

அடுத்த பிடியும் உள்ளே போயிற்று. தட்டு காலியாகிக்கொண்டே வந்தது. எசென்கெல்தியின் வலது கை அவசர அவசரமாக இன்னொரு பிடியைத் திரட்டியது. கார் சாவியைத் தன் வால் எலும்புக்கு அடியில் போட்டு, பல்லைக் கடித்துக்கொண்டு அதன் மேலேயே உட்கார்ந்திருந்தார்.