நாலாம் நம்பர் கிடங்கில் நின்ற இரண்டு நாள்

பக்கத்து நாட்டிலிருந்து ஒரு சாக்குக் கொட்டைப்பாக்கு வந்து சேர எத்தனை நாள் ஆகிறது என்று பார்த்து எழுதுவதும் ஒரு உத்தியோகம்தான். ஐம்பதுகளின் கடைசியில் சிங்கப்பூரில் அதைத்தான் நான் பார்த்துக்கொண்டிருந்தேன். வேலை நேரத்தில் படிவத்தோடு வந்து நின்று, கேள்வி கேட்டே உயிரை வாங்கும் ஆளை நீங்களும் சந்தித்திருப்பீர்கள். என் பொல்லாத நேரம், அந்த ஆளே நான். உங்களிலும் யாராவது அப்படிப் படிவம் சுமந்திருந்தால் என் பாடு தெரியும்.

பினாங்கு, சுமத்ரா, பாங்காக், ரங்கூன் என்று அக்கம்பக்கத்திலிருந்து வரும் சரக்கு வழியில் எங்கே, எத்தனை நாள் நிற்கிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். எந்த வழி சுறுசுறுப்பு, எந்த வழி மந்தம் என்று மேலிடத்துக்குத் தெரிய வேண்டுமாம்.

காற்றுக்குக் கட்டம் இல்லை

முதல் நாள் ஆற்றோரம் போனேன். சுமத்ரா பக்கத்திலிருந்து பாய்மரப் படகில் பாக்கு ஏற்றி வந்த மலாய்க்காரர் ஒருவர் படகில் குந்தியபடி கோப்பி குடித்துக்கொண்டிருந்தார். “வழக்கமாக எத்தனை நாள் ஆகும்?” என்று எனக்குத் தெரிந்த மலாயில் கேட்டேன். அவர் என் படிவத்தை வாங்கி, தலைகீழாகவும் ஒருமுறை பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

காற்று இருந்தால் மூன்று நாள், இல்லாவிட்டால் யாருக்குத் தெரியும் என்பது அவர் பதில். நாள் என்ற கட்டத்தில் எதை எழுதுவது என்று நான் பேனாவோடு விழித்தேன். அவர் இரக்கப்பட்டு, சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோல் நிறுத்தி நிறுத்தி இன்னொரு தரம் சொன்னார்: “ஆங்கின் அடா, தீகா ஹாரி. ஆங்கின் தாடா, சியாப்பா தாவ் லா?”

கேட்காமலே வந்த ஜாதிக்காய்

சிராங்கூன் சாலையில் நாகலிங்கம் அண்ணனுக்கு மளிகை மொத்தக் கடை. பினாங்குக்கு எழுதிப் போட்டதிலிருந்து சரக்கு கைக்கு வர எத்தனை நாள் என்று அவரிடம் கேட்டேன். போன தடவை ஜாதிக்காய் வந்து நாலு நாள் கழித்துத்தான் கடிதமே போட்டாராம். பினாங்கில் இருப்பது அவருடைய மச்சான். கடையில் எது தீர்ந்திருக்கும் என்று அங்கிருந்தே யோசித்து அனுப்பிவிடுவாராம்.

நான் நேர்மையானவன். கழித்தல் குறி போட்டு நாலு என்று எழுதிக் கொடுத்தேன். எங்கள் அதிகாரி திரு. லிம் அதிகம் சிரிக்காதவர். அந்தத் தாளைச் சன்னல் வெளிச்சத்தில் பிடித்துக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு ஆங்கிலத்தில் கேட்டார்: “இந்த மச்சானை நம் ஆபீசுக்கு எடுத்துக்கொள்ள முடியுமா?”

முத்தையா அண்ணன் மேல் விழுந்த பழி

விளையாட்டு அதோடு முடிந்தது. துறைமுகத்தில் மற்றக் கிடங்குகளில் இறங்கிய மூட்டைகள் மறுநாளே வெளியேறின. நாலாம் நம்பர் கிடங்கில் மட்டும் அடிக்கடி இரண்டு நாள் கூடுதலாகக் கிடந்தன. ரங்கூன் பருப்பானாலும் சுமத்ரா பாக்கானாலும் அங்கே வந்தால் படுத்துக்கொண்டன. கண்டுபிடித்தவன் நான். லிம் முதல் தடவையாக என்னைப் பாராட்டினார். அந்தக் கிடங்கில் கணக்கெழுதும் கிராணியை வேலையிலிருந்து நீக்கச் சொல்லி அறிக்கையில் எழுதலாம், வெள்ளிக்கிழமைக்குள் கொடு என்றார்.

அந்தக் கிராணி முத்தையா அண்ணன். மூட்டை எண்ணிக் குறிப்பதில் இருபது வருடப் பழக்கம். வேலை போனால் துறைமுகக் குவார்ட்டர்ஸையும் காலி செய்ய வேண்டும். வீட்டில் மனைவியும் நாலு பெண்களும். ஓடிப்போய், “ஏன்ணே இங்க மட்டும் லேட்டாகுது?” என்றேன். அவர் தன் நோட்டை என் பக்கம் தள்ளினார். இறக்கிய தேதி, அடுக்கிய தேதி எல்லாம் அச்சடித்ததுபோல் இருந்தன. “நான் என்ன தம்பி செய்யிறது? எடுத்துட்டுப் போக ஆள் வந்தாத்தானே குடுக்க முடியும்?”

ஹமீது நானாவின் அஷ்டமி

மூட்டைகள் தங்கிப்போன தேதிகளை முத்தையா அண்ணன் நோட்டிலிருந்து ஒரு தாளில் எழுதிக்கொண்டு நாகலிங்கம் அண்ணனிடம் போனேன். அந்தக் கிடங்குக்கு வருவதில் பெரும்பங்கு நம் தமிழ் வியாபாரிகளின் சரக்கு. அவர் தாளைப் பார்த்தார், மேசை இழுப்பறையைத் திறந்தார், பஞ்சாங்கத்தை எடுத்தார். ஒவ்வொரு தேதியாக விரல் வைத்தார். அஷ்டமி, நவமி. மறுபடி அஷ்டமி, நவமி. அந்த நாட்களில் புதுச் சரக்கைக் கடைக்குள் ஏற்றமாட்டார்களாம். என் வீட்டுச் சுவரிலும் திதி போட்ட நாட்காட்டிதான் தொங்கியது. எத்தனை மாதமாக ஆங்கிலத் தேதியையே வெறித்துப் பார்த்திருக்கிறேன், மடையன்!

ஆனால் கணக்கு இடித்தது. அதே நாட்களில் பாக்குக் கடை ஹமீது நானாவின் மூட்டைகளும் கிடந்திருந்தன. நாகூர்க்காரர், ஐந்து வேளை தொழுகிறவர். அவருக்கும் அஷ்டமிக்கும் என்ன சம்பந்தம்? இந்த ஒரு பெயரைக் காட்டியே லிம் என் விளக்கத்தைக் குப்பையில் போட்டுவிடுவார். முத்தையா அண்ணன் வீட்டுச் சாமான் தெருவில் நிற்பது என் கண்ணுக்கே தெரிந்தது. நாலு கடை தள்ளியிருந்த நானாவிடம் மூச்சு வாங்கப் போய்க் கேட்டேன். அவர் பாக்கைச் சீவிக்கொண்டே சொன்னார்: “லாரி நாகலிங்கத்தோடது தம்பி. ரெண்டு பேரு சரக்கும் ஒண்ணாத்தான் வரும். அவருக்கு அஷ்டமின்னா எனக்கும் அஷ்டமிதான்.”

நல்ல சேதி

வெள்ளிக்கிழமை அறிக்கையோடு பஞ்சாங்கத்தையும் லிம்மின் மேசையில் வைத்தேன். அவர் ஒரு மணி நேரம் கேள்வி கேட்டார். பிறகு, தன் வீட்டிலும் நாள் பார்க்காமல் அம்மா ஒரு நாற்காலியைக்கூட நகர்த்த மாட்டார் என்றார். கிடங்கில் குறையில்லை, கிராணி அங்கேயே இருக்கலாம் என்று எழுதிக் கையெழுத்திட்டார். துறைமுக அலுவலகமும் ஒத்துக்கொண்டு, முத்தையா அண்ணன் பெயருக்குக் கடிதம் போட்டது. நானே கொண்டுபோய்க் கொடுக்கிறேன் என்று வாங்கிக்கொண்டேன்.

கிடங்கில் அவர் மூட்டைகளுக்கு நடுவே நின்றிருந்தார். சேதியைச் சொன்னதும் கண் கலங்கி என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். “காரணம் உங்களுக்குத் தெரியாதாண்ணே? அன்னிக்கே சொல்லியிருக்கலாமே?” என்றேன். “அஷ்டமியில யாரு வருவா? ஊருக்கே தெரிஞ்சதை வாய்விட்டு வேற சொல்லணுமா?” என்றார். சரியென்று கடிதத்தை நீட்டினேன். அவர் பதறிப்போய்க் கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். “இன்னிக்கு நவமி தம்பி. நாளைக்குக் கொண்டாங்க லா.”

ரங்கூனுக்கும் சிங்கப்பூருக்கும் எத்தனை நாள் என்று யாராவது கேட்டால் இன்றும் சரியாகச் சொல்வேன், ஆனால் அந்தக் கடிதம் என் சட்டைப்பையிலிருந்து ஒரு முழம் தள்ளி நின்ற முத்தையா அண்ணன் கைக்குப் போய்ச் சேர ஒரு நாள் முழுசாக ஆனது.