பந்தயத்தில் வைத்த மீசை

தொழிற்சாலை பஸ் ஓட்டுகிற என் வீட்டுக்காரருக்கு மீசை என்றால் உயிர். அதைத்தான் அவர் பந்தயத்தில் வைத்தார். "வேற்றுக்கிரகத்துக்காரன் அனுப்புன சிக்னல் ஒண்ணே ஒண்ணை நீ கண்டுபிடிச்சிட்டா, நான் பாதி மீசையை எடுத்திடுறேன்லா. சத்தியம்!"

கிண்டலுக்குக் காரணம் இருந்தது. நான் பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் ஒரு சிப் தொழிற்சாலையில் தரம் சோதிக்கும் கியூசி வேலை பார்க்கிறேன். நாள் முழுக்க மைக்ரோஸ்கோப்பில் கீறல் தேடிவிட்டு, வீட்டுக்கு வந்ததும் கம்ப்யூட்டரில் வானத்தைத் தேட உட்கார்ந்துவிடுவேன். ரேடியோ தொலைநோக்கியில் பதிவானவற்றை விஞ்ஞானிகள் படங்களாக்கி இணையத்தில் போடுகிறார்கள். யார் வேண்டுமானாலும் பார்த்து, என்ன தெரிகிறது என்று சொல்லலாம். சம்பளம் கிடையாது. ஆனாலும் ஒவ்வொரு படத்தைத் திறக்கும்போதும் எனக்கு நெஞ்சு படபடக்கும்.

விஷயம் எளிது. தொலைநோக்கி ஒரு நட்சத்திரத்தைப் பார்க்கும், பிறகு சற்று விலகி வேறு பக்கம் பார்க்கும், மறுபடி நட்சத்திரத்துக்கே திரும்பும். படத்தில் இவை பட்டை பட்டையாக இருக்கும். எல்லாப் பட்டையிலும் கோடு தெரிந்தால் அது நம் செயற்கைக்கோளோ கைப்பேசியோ போடுகிற சத்தம். நட்சத்திரத்தைப் பார்க்கும்போது மட்டும் தெரிந்தால்? அப்படி ஒன்றை நான் கண்டதே இல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் கண்டேன்.

சூலியா தெருவுக்குச் சாப்பிடப் போகலாம் என்று அவர் குளியலறையில் சவரம் செய்துகொண்டிருந்தார். அவர் வருவதற்குள் ஒரு படம் பார்ப்போம் என்று திறந்தேன். மெல்லிய, சாய்ந்த கோடு. நட்சத்திரத்தில் இருக்கிறது. விலகினால் இல்லை. திரும்பினால் மறுபடி இருக்கிறது! கடைசிப் பட்டை வரை அப்படியே. என்னால் நாற்காலியில் உட்காரவே முடியவில்லை.

"என்னங்க! இங்க வாங்க! சீக்கிரம்!"

முகத்தில் நுரையோடு ஓடி வந்தார். பட்டை பட்டையாகத் தொட்டுக் காட்டினேன். அவர் சிரிக்கவில்லை. மூக்குக்கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டிக்கொண்டு, தானும் மேலிருந்து கீழே பார்த்தார்.

"கன்ஃபர்மா?"

"நாம போடுற சத்தம் இல்லைங்க. அங்கிருந்து வருது!"

"ஐயோ சாமி," என்றார். இவ்வளவு பெரிய வானத்தில் யாரோ இருக்கிறார்கள், அது எங்கள் பிளாட்டின் வரவேற்பறையில் தெரிந்திருக்கிறது என்று நினைத்ததும் எனக்கு அழுகையே வந்துவிட்டது. அத்தனை சந்தோஷம். அவர் விறுவிறுவென்று குளியலறைக்குத் திரும்பினார். நான் சிக்னல் தெரிகிறது என்று தெரிவிக்கும் பொத்தானை அழுத்தினேன்.

உடனே திரையில் ஒரு செய்தி வந்தது. இந்தச் சிக்னலை நாங்களே தயாரித்துப் படத்தில் சேர்த்தோம், பார்ப்பவர்களின் கவனத்தைச் சோதிக்க இடையிடையே இப்படி வைப்போம், சரியாகக் கண்டுபிடித்தீர்கள், நன்றி.

கோபம் தலைக்கேறியது. அதோடு சிரிப்பும் வந்தது. தொழிற்சாலையில் இதே வேலையைச் செய்கிறவளே நான்தான். நல்ல சிப்புகளுக்கு நடுவே தெரிந்தே ஒரு பழுதானதைக் கலந்துவிட்டு, என் லைனில் சிப் சோதிக்கிற பெண்கள் பிடிக்கிறார்களா என்று பார்ப்பேன். "என்னக்கா, எங்களை நம்பலையா?" என்று முறைப்பார்கள். எனக்கும் ஒருவர் அப்படி வைப்பார் என்று தோன்றவே இல்லை.

அப்போதுதான் மீசை ஞாபகம் வந்தது.

"எடுக்காதீங்க!" என்று கத்திக்கொண்டே ஓடினேன். அவர் திரும்பினார். இடது பக்கம் மீசை கம்பீரமாக இருந்தது. வலது பக்கம் வழவழவென்று இருந்தது.

நடந்ததைத் திக்கித் திணறிச் சொன்னேன். மறுநாள் அவர் ஓட்டும் பஸ் முழுக்க என் லைன் பெண்கள்தான் வருவார்கள். திட்டப் போகிறார் என்று நினைத்தேன். அவர் கண்ணாடியில் முகத்தை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார்.

"பொய்யா வச்சதையே பிடிச்சிட்டல்ல? நிஜம் வந்தா உன்கிட்ட தப்பாதுலா," என்று சொல்லிவிட்டு மிச்சத்தையும் வழித்தார்.

பிறகு சாப்பாட்டு மேஜையிலிருந்து ஒரு நாற்காலியை இழுத்து வந்து, என் நாற்காலிக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார்.

"சாப்பாடு அப்புறம். அடுத்ததைத் திற."