"பேரு? ஊரு?" என்று கேட்ட சோமு அண்ணன்

செய்தி வந்தபோது நான் அலுவலகத்தில் தட்டச்சு செய்துகொண்டிருந்தேன். சாப்பிட எழலாமா, கையிலிருக்கும் பக்கத்தை முடித்துவிடலாமா என்று யோசித்த நேரம். எங்கள் இசைக்குழுவில் கிட்டார் வாசிக்கும் வெல்டிங் பட்டறை பாலுவிடமிருந்து போன். வேலை நேரத்தில் பாலு கூப்பிட மாட்டார். எடுத்ததும், "கவர்மெண்டு, சோமு அண்ணன் போயிட்டாங்க" என்றார். "எங்கிட்டு?" என்று கேட்டேன். அப்படித்தான் கேட்கத் தோன்றியது. சாவோடு சேர்த்து நினைக்கிற ஆளாக அவர் ஒருநாளும் இருந்ததில்லை.

காதுகுத்து வீடொன்றில் குழாய் ஸ்பீக்கர் கட்டி, பாட்டைப் போட்டுவிட்டு, அசதியாக இருக்கிறதென்று தம் வேனில் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறார். சாப்பிடக் கூப்பிடப் போனவர்கள் தொட்டுப் பார்த்தபோது உயிர் இல்லை. மாரடைப்பு என்றார்கள். ஐம்பத்து மூன்று வயது, அதெல்லாம் போகிற வயதா? பாட்டு மட்டும் வெகுநேரம் ஓடிக்கொண்டே இருந்ததாம். நிறுத்துகிற ஆள் அவர்தானே.

சோமசுந்தரம் என்று கேட்டால் பக்கத்துத் தெருக்காரர்களே யோசிப்பார்கள். மைக்செட் சோமு என்றால் கந்தர்வக்கோட்டை முதல் கறம்பக்குடி வரை எந்த டீக்கடையிலும் வழி சொல்வார்கள். ஆனால் அவரை அறிந்தவர்களில் பெரும்பாலோருக்கு அவர் பங்க் இசைக் கேசட்டுகளை வெளியிடும் லேபிள் ஒன்றை நடத்தினார் என்பது தெரியாது. அந்த லேபிளை அறிந்த வெளியூர்க்காரர்களுக்கோ, அவர் கல்யாணத்துக்கும் பொதுக்கூட்டத்துக்கும் குழாய் கட்டிப் பிழைத்தவர் என்பது தெரியாது. இரண்டு கூட்டத்தாருக்கும் சேர்த்தே இதை எழுதுகிறேன்.

பங்க் என்றால் என்ன என்று கேட்பவர்களுக்கு அண்ணன் நீளமாக விளக்க மாட்டார். "ரெண்டு நிமிசம். ஒரு கோவம். முடிஞ்சிருச்சு" என்பார். வேகமான டிரம்ஸ், நாலு விதமாகப் பிடிக்கத் தெரிந்தால் போதும் என்கிற கிட்டார், மேலே ஒருவரின் கத்தல். மெருகு கிடையாது. மெருகு போட்டால் அண்ணனுக்குப் பிடிக்காது. அவர் பங்க் ஆரம்பிக்கப் போகிறார் என்று கேள்விப்பட்ட மாமனார் வீட்டார், பெட்ரோல் பங்க் என்று நினைத்துக்கொண்டு பெருமையோடு பழத்தட்டு எடுத்து வந்த கதையை அவரே சொல்லிச் சிரிப்பார்.

இந்தப் பைத்தியம் அவரைப் பிடித்தது வளைகுடாவில். எலக்ட்ரீசியனாகப் போனவர், ஒரே அறையில் ஒரு பிலிப்பைன்ஸ்காரரோடு தங்கியிருக்கிறார். அந்த மனிதர் வேலை முடிந்து வந்ததும் ஒரு கேசட்டைப் போட்டுக் கேட்பாராம். "மொத நாளு, இது பாட்டா, பக்கத்து ரூமுல சண்டையான்னு எந்திரிச்சுப் போயிப் பாத்தேன். ஒரு மாசத்துல அது இல்லாம எனக்குத் தூக்கம் வரல" என்று அண்ணன் சொல்லியிருக்கிறார். பாஷை புரியவில்லை. ஆனால் மேஸ்திரியைத் திட்டுகிறான் என்பது மட்டும் நன்றாகப் புரிந்ததாம். ஊர் திரும்பும்போது எல்லோரும் போர்வையும் வாசனைத் திரவியமும் கொண்டுவருவார்கள். அண்ணன் கொண்டுவந்தது இரட்டை கேசட் டெக். வசந்தா மதினி, அவர் மனைவி, அதைப் பிரித்துப் பார்த்துவிட்டு ஒரு வாரம் பேசவில்லை.

அந்த டெக்கில்தான் 'கூப்பாடு' பிறந்தது. லேபிளின் பெயர் அது. அலுவலகம், அண்ணன் வீட்டுக்குப் பின்னால் இருந்த பழைய முந்திரிக் கொட்டகை. சுவரெல்லாம் சாக்கு அடித்து, அதற்குள் மைக் நட்டு, பாட்டுப் பதிவு நடந்தது. பாடிவிட்டு வெளியே வந்தால் இரண்டு நாளைக்குத் தலைமுடியில் முந்திரி எண்ணெய் வாடை போகாது. புதுக் கேசட் கிடைக்காத காலமாகையால், மூடிப்போன கடைகளில் விற்காமல் கிடந்த பக்திப் பாட்டு, கட்சிக் கூட்டக் கேசட்டுகளை அள்ளி வந்து அவற்றின் மேலேயே பதிவார். பாட்டு முடிந்ததும் சில பிரதிகளில் யாரோ ஒருவர், "ஆகவே தாய்மார்களே" என்று ஆரம்பிப்பார். பெங்களூரிலிருந்து ஒருவர், அந்தப் பேச்சாளர் எந்தக் குழு, மிகச் சிறப்பாக இருக்கிறது என்று விசாரித்தார். அண்ணன் ஒரு நாள் முழுக்கச் சிரித்தார்.

என்னைக் கண்டுபிடித்தது புதுக்கோட்டையில் ஒரு ஆர்ப்பாட்டத்தில். எங்கள் அரசு ஊழியர் சங்கம் நடத்தியது. கோஷம் போடுகிறவருக்குத் தொண்டை கட்டிக்கொள்ள, பக்கத்தில் நின்ற என் கையில் மைக்கைத் திணித்துவிட்டார்கள். எனக்கு என்ன ஆனதென்றே தெரியவில்லை. வருடக்கணக்காக டைப் அடித்துக்கொண்டு வாயைத் திறக்காமல் இருந்தவள், திறந்துவிட்டேன். கூட்டம் முடிந்ததும் ஒல்லியாக, சட்டைப் பையில் டெஸ்டரோடு ஒருவர் வந்து, "மேடம், நீங்க கத்துனதுல என் ஸ்பீக்கரு ஒன்னு கிழிஞ்சிருச்சு" என்றார். சண்டைக்கு வருகிறார் என்றுதான் நினைத்தேன். "இதே மாதிரி இன்னொருக்கா கத்துவீங்களா?" என்று கேட்டார்.

அப்படித்தான் நாற்பது வயதில் நான் ஒரு பங்க் குழுவின் பாடகியானேன். கிட்டார் பாலு, டிரம்ஸுக்குப் பாலுவின் மைத்துனர். கொட்டகையில் என்னை யாரும் பெயர் சொல்லி அழைத்ததில்லை. "வாங்க கவர்மெண்டு" என்பார் அண்ணன். அதே பெயர் நிலைத்துவிட்டது.

முதல் ஞாயிற்றுக்கிழமை உயிரைக் கொடுத்துப் பாடினோம். முடித்தபோது எனக்குக் கண்ணெல்லாம் இருட்டியது. அண்ணன் டெக்கைக் குனிந்து பார்த்தார். பிறகு எங்களைப் பார்த்தார். பதிவை நிறுத்தி வைக்கும் பாஸ் பட்டனை எடுக்கவே இல்லை, ஒன்றும் பதிவாகவில்லை. "கோவம் வருதா?" என்று கேட்டார். வராமல்? "நல்லது. கொறையறதுக்குள்ள இன்னொருக்கா பாடிருங்க." அந்த இரண்டாவது தடவைதான் கேசட்டில் இருக்கிறது. அன்றைக்கு வேண்டுமென்றே பட்டனை விட்டாரா என்று பலமுறை கேட்டிருக்கிறேன். டீயை ஊதிக் குடிப்பாரே தவிர, பதில் சொல்ல மாட்டார்.

கூப்பாடுக்கு ஒரே ஒரு சட்டம் இருந்தது. ஒவ்வொரு கேசட்டின் முடிவிலும் அண்ணன் தம் குரலில், "பேரு? ஊரு?" என்று கேட்பார். பாடியவர்கள் ஒவ்வொருவராகத் தங்கள் சொந்தப் பெயரையும் ஊரையும் சொல்ல வேண்டும். கடைசியில், "வெளியிட்டவன் சோமசுந்தரம்" என்று தம் ஊரையும் சேர்த்துச் சொல்லி முடிப்பார். புனைபெயர் கிடையாது. "பேரு ஊரு இல்லாமத் திட்டுனா அது மொட்டக் கடுதாசி. கூப்பாடுன்னா யாரு போடுறான்னு தெரியணும்" என்பார்.

அது வாய்ச்சொல் இல்லை. கந்தர்வக்கோட்டைப் பக்கத்துப் பையன்கள் சிலர் தங்கள் கல்லூரிப் பேருந்தைப் பற்றி ஒரு பாட்டுப் போட, கல்லூரியில் பெற்றோரை அழைத்துவரச் சொல்லிவிட்டார்கள். பெற்றோர் போவதற்கு முன்பே அண்ணன் வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு போய் நின்றார். "பாடுனது இவங்க. ஊருக்குக் கேக்க வச்சது நான். மொதல்ல என்னையக் கேளுங்க. பஸ்ஸுல நின்னுக்கிட்டு வர்றாங்கங்கறது பொய்யா?" என்றாராம். பையன்கள் தப்பித்தார்கள். அந்தக் கல்லூரி ஆண்டு விழாவுக்கு அதற்குப் பிறகு வேறு மைக்செட்தான். அண்ணன் அதை ஒரு நட்டமாகப் பேசி நான் கேட்டதில்லை.

என் கதைக்கு வருகிறேன். நாங்கள் பதிவு செய்த கேசட்டின் பெயர் 'நாளைக்கு வாங்க'. நான் வேலை பார்ப்பது ஒரு தாலுகா அலுவலகம். எது என்று எழுதப் போவதில்லை, எல்லா அலுவலகமும் தன்னைத்தான் சொல்கிறேன் என்று நினைத்துக்கொள்ளட்டும். அங்கே காலையிலிருந்து மாலை வரை என் காதில் விழுவது அந்த இரண்டு சொல்தான். பாட்டு அதிலேயே ஆரம்பிக்கும். நான் அலட்சியமான குரலில், "நாளைக்கு வாங்க" என்பேன். எதிர்க்குரலில் ஒரு பெண், "எந்த நாளைக்குங்க?" என்று கேட்பார். உடனே டிரம்ஸ் விழும், நான் கத்தத் தொடங்குவேன். அந்த எதிர்க்குரல் வசந்தா மதினி. டீ கொண்டுவந்தவரை அண்ணன் மைக் முன்னால் நிறுத்திவிட்டார்.

எல்லாம் முடிந்து அண்ணன், "பேரு? ஊரு?" என்று கேட்டார். பாலு சொன்னார். மைத்துனர் சொன்னார். மதினியும் சொன்னார். என் முறை வந்தபோது எனக்கு நாக்கு எழவில்லை. அரசு ஊழியர் அரசாங்கத்தைக் கேலி செய்து பாடினால் என்ன ஆகும் என்பது ஊழியர்களுக்குத் தெரியும். இரண்டு பிள்ளைகள் படிக்கிறார்கள். வீடு என் சம்பளத்தில் நடக்கிறது. டேப் ஓடிக்கொண்டே இருந்தது. "பேரு வேண்டாமே அண்ணே, ஒரு பெண்ணுன்னு போட்டுக்குவோமே" என்று பிறகு கெஞ்சினேன்.

கோபப்படவில்லை. "சம்பளம் வாங்குற ஆளு யோசிக்கத்தான் செய்வாக. அதுல தப்பில்ல" என்றார். "ஆனா கூப்பாடுல பேரு இல்லாமப் போட முடியாது. வேற எவனாச்சும் போடுறேன்னா கேசட்ட இப்பவே குடுத்துர்றேன், தாராளமாப் போடட்டும்." வேறு யாரிடமும் கொடுக்க மாட்டேன் என்றேன். அவர் யோசித்துவிட்டு, "அந்த எடத்த அழிக்காம அப்படியே வச்சுருக்கேன். நீங்க ரிட்டயர் ஆனதும் வந்து ஒரு வார்த்த சொல்லிட்டுப் போங்க, அதுமேலயே பதிஞ்சு வெளிய விட்ருவோம். என்ன அவசரம்? நான் எங்கிட்டுப் போயிரப் போறேன்?" என்றார்.

போய்விட்டார். ஒருநாளும் அவர் என்னை அவசரப்படுத்தியதில்லை, அதை நினைக்கத்தான் தாங்கவில்லை.

சாவு வீட்டுக்குக் கூப்பிடாமலே சுற்றுவட்டார மைக்செட்காரர்கள் எல்லோரும் வந்துவிட்டார்கள். தொழிலில் போட்டிக்காரர்கள். ஆளுக்கொரு குழாயை அவர் வீட்டு வேப்பமரத்தில் கட்டினார்கள். மதினி, "அவுக கேசட்டப் போடுங்க" என்றார். ஒருவர் தயங்கி, "சாவு வீட்டுல அது நல்லாருக்குமா மதினி?" என்று கேட்டார். "கல்யாண வீட்டுலயும் நல்லாருக்காதுன்னுதான சொன்னீங்க?" என்று மதினி திருப்பிக் கேட்டார். அழுதுகொண்டிருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். கல்லூரிப் பையன்களின் பாட்டோடு அவரைத் தூக்கிக்கொண்டு போனார்கள்.

காரியமெல்லாம் முடிந்து சில நாள் கழித்து மதினி எங்கள் அலுவலகத்துக்கு வந்தார். வாரிசுச் சான்றிதழுக்கு மனுக் கொடுத்திருந்தார், அதை விசாரிக்க. என் மேசையைக் கடந்துதான் போனார். என்னைத் தெரிந்ததாகவே காட்டிக்கொள்ளவில்லை. அலுவலகத்தில் என்னைத் தெரியாதது போல் இருக்க வேண்டும் என்பது அண்ணன் வீட்டுப் பழக்கம். அந்தத் துக்கத்திலும் அதை மறக்கவில்லை.

அடுத்த மேசை நண்பர், நல்ல மனிதர், தலை நிமிராமல் சொன்னார். "ஆர்.ஐ. ரிப்போர்ட் வரலம்மா. நாளைக்கு வாங்க."

மதினி சற்று நின்றார். பிறகு மெதுவாக, உண்மையிலேயே தெரிந்துகொள்வதற்காக, "எந்த நாளைக்குங்க?" என்று கேட்டார்.

என் விரல்கள் நின்றுவிட்டன. கேசட்டில் இந்த இடத்தில் டிரம்ஸ் விழும். நான் கத்த வேண்டும். கத்தவில்லை. எழுந்து போய் மதினியின் கையைப் பிடித்துக்கொண்டு, "சார், இன்னைக்கே ஆர்.ஐ.க்கு ஒரு போனப் போட்டுக் கேளுங்க" என்றேன்.

"ஒங்களுக்கு வேண்டியவங்களா?"

"ஆமா சார். நான் இவங்க வீட்டுல பாடுறவ."

"பாடுவீங்களா? என்ன பாட்டு?"

"'நாளைக்கு வாங்க'ன்னு ஒரு பாட்டு."

அவர் என்னைப் பார்த்தார். மதினியைப் பார்த்தார். பக்கத்து மேசைகளிலும் தலைகள் நிமிர்ந்தன. மதினி என் கையை அழுத்தி, வேண்டாம் என்பதுபோல் தலையாட்டினார். நான்தான் சொல்லிவிட்டேனே. நண்பர் போனை எடுத்தார். ரிப்போர்ட் மறுநாள் வந்தது. அவர் சொன்னது ஒருவகையில் சரிதான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை கொட்டகைக்குப் போனேன். மதினியே டெக்கை இயக்கினார். பாட்டு முழுவதும் ஓடியது. பாலுவின் பெயர், மைத்துனரின் பெயர், மதினியின் பெயர். பிறகு அண்ணன் குரல், டீயை விழுங்கிவிட்டுக் கேட்கிற அதே குரல்: "பேரு? ஊரு?"

அதன்பின் அந்த இடைவெளி. டேப் சுற்றுகிற சத்தம் மட்டும். அவர் காத்திருப்பது நன்றாகக் கேட்கிறது. மதினி பதிவுப் பட்டனை அழுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

அண்ணே, ரிட்டயர்மெண்டுக்கு இன்னும் வெகுகாலம் இருக்கிறது. மெமோ வந்தால் அதையும் நானே டைப் அடித்துக்கொள்கிறேன். நீங்கள் நிம்மதியாகப் போய் வாருங்கள். கேட்டதற்குப் பதில் சொல்லிவிட்டேன்:

செல்வராணி. குன்றாண்டார்கோவில்.