இத்தா வீட்டு வாசலில் ஒரு கண்

எதையும் முதல் சொல்லிலேயே நம்புகிற ஆள் நான் இல்லை. மீன்காரர் “இப்பதான் கரைக்கு வந்தது” என்றால் செவுளைத் தூக்கிப் பார்ப்பேன். துணிக்கடையில் “சாயம் போகாது” என்றால் விரலை நனைத்துத் தேய்த்துப் பார்ப்பேன். என் மகளுக்கு இதெல்லாம் சிரிப்பு. ஆனால் அவளுடைய மாப்பிள்ளை எங்கள் வாசலில் பொருத்திய பெட்டியை நான் சந்தேகப்பட்டபோது அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. கோபம்தான் வந்தது.

கல்முனைப் பக்கத்தில் நாங்கள் பெண்ணுக்கு வீட்டை எழுதிக் கொடுத்துத்தான் கலியாணம் முடித்து வைப்போம். மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வந்து குடியிருப்பார். அவர் வந்தால் அவருடைய சாமான்களும் வரும். என் மருமகன் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்கிறவர். அவரோடு வந்தவை லென்ஸுகளும் வயர்களும் மெல்லிய கண்ணாடித் தகடுகளும். “விரல் பட்டா பழுதாப் போயிரும் மாமி” என்பார். என் வீட்டிலேயே நான் தொடக்கூடாத சாமான்கள் இருப்பது எனக்குப் பிடிக்கவில்லை. முன்னறைக்குள் கிடந்தவரைக்கும் பொறுத்துக்கொண்டேன்.

பிறகு அதில் ஒன்று வாசல் விறாந்தைக்கு வந்தது. சவர்க்காரப் பெட்டி அளவுதான் இருக்கும். முகப்பில் ஒரு வட்டக் கண்ணாடி. மதிலின் கடப்படியைத் தாண்டி யாராவது வளவுக்குள் வந்தால் வீட்டுக்குள் மணி அடிக்கும். பெண் வந்தால் ஒரு மணி, ஆண் வந்தால் இரண்டு. அப்போது என் கணவர் இருந்தார். யார் வந்தாலும் அவரே எழும்பிப் போய்க் கதைப்பார் என்பதால் அந்த மணியை நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

அவர் ஒரு நாள் விடியற்காலை சுபஹுத் தொழுகைக்குப் பிறகு, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு இருந்த இடத்திலேயே மௌத்தானார். நான் இத்தாவில் இருந்தேன். கணவனை இழந்தவள் குறித்த காலம் முடியும்வரை வீட்டோடு இருக்க வேண்டும், அந்நிய ஆண்களின் கண்ணில் படக்கூடாது என்பது எங்கள் வழக்கம். மருமகன் மகனுக்குச் சமம், அவர் பார்ப்பதில் தடை இல்லை. ஆனால் விறாந்தையில் இருக்கும் அந்தக் கண்ணாடி யாருக்கெல்லாம் சமம் என்று எனக்குத் தெரியவில்லை. நான் காற்றுக்கு வந்து நிற்கும் இடம் அதன் பார்வைக்குள்தான் இருந்தது. ஒரு துவாயை எடுத்து அதன்மேல் போட்டேன்.

மருமகன் வந்து துவாயைப் பார்த்தார். கோபப்படவில்லை. பக்கத்தில் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“மாமி, இது கமரா இல்ல. நம்புங்க.”

“கண்ணாடி இரிக்கி. எங்களப் பாக்குது. மறுகா அது கமரா இல்லாம என்ன?”

அவர் சொன்னதை எனக்கு விளங்கிய மட்டில் எழுதுகிறேன். ஒரு படத்தில் இருப்பது ஆணா பெண்ணா என்று கண்டுபிடிக்க, கம்பியூட்டர் நம் மூளையைப் பார்த்துச் செய்த ஒரு நரம்பு வலையைப் பாவிக்கிறதாம். அதற்குள் கணக்கில்லாத பெருக்கலும் கூட்டலும் நடக்க வேண்டும். நேரமும் கரண்டும் போகும். அந்தக் கணக்கின் பெரும் பங்கை இவருடைய கண்ணாடியே செய்துவிடும். அதில் கண்ணுக்குத் தெரியாத மேடுபள்ளங்கள் வெட்டியிருக்கின்றன. ஆள்மீது பட்டு வருகிற வெளிச்சம் அதற்குள்ளால் போகும்போதே வளைந்து சிதறி, கணக்கு முடிந்துவிடும். பின்னால் விழுவது சில வெளிச்சப் புள்ளிகள் மட்டும். மிச்சக் கணக்கை ஒரு சின்னச் சிப் பார்த்துக்கொள்ளும்.

“படமெண்டு ஒண்டு உண்டாகிறதே இல்ல மாமி. வெளிச்சம் போற வேகத்தில வேல முடிஞ்சிரும். ஒண்டும் வெச்சிக்கிற இல்ல” என்றார். மடிக்கணினியைத் திறந்து காட்டினார். மகள் வாசலில் போய் நின்றாள். திரையில் புள்ளிகள் தெரிந்தன, சாம்பல் நிறத்தில், கொட்டிய மாவைப் போல. என் மகள் அதில் இல்லை.

நான் துவாயை எடுத்தேன். மனதிலிருந்து எடுக்கவில்லை.

அந்த மணியால் நன்மை இருந்தது என்பதை மறைக்கவில்லை. ஒரு மணி கேட்டால் நான் இருந்தபடியே இருப்பேன், இரண்டு கேட்டால் உள்ளறைக்குப் போவேன். என்னிடம் அபாயா தைக்கக் கொடுக்க வரும் பெண்களும் துக்கம் விசாரிக்க வரும் பெண்களும் ஓயாமல் வந்துபோன காலம் அது. மெல்ல மெல்ல மணியை நம்பத் தொடங்கினேன். அங்கேதான் பிடித்தது சனியன்.

ஒரு நாள் நடுப்பகல், லுஹர் நேரம், ஒரு மணி அடித்தது. தைக்கக் கொடுத்த யாரோதான் என்று முக்காடு இல்லாமலே விறாந்தைக்குப் போனேன். படியில் மீன்காரர் நின்றார். நல்ல நீளமாகச் சாரன் உடுத்து, வெயிலுக்குத் தலையில் துவாய் போட்டிருந்தார். மீனைப் படியில் வைத்துவிட்டுப் போகும்படி மகள் சொல்லியிருக்கிறாள். அந்த மனிசன் என்னைக் கண்டதும் மதில் பக்கம் திரும்பிக்கொண்டார். “யா அல்லாஹ், தெரியாம வந்திட்டன் ராத்தா” என்று சொல்லிக்கொண்டே போய்விட்டார். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

மருமகன் வேலை முடிந்து வந்து செருப்பைக் கழற்றவும் நான் விடவில்லை.

“வெளிச்சத்திட வேகம் எண்டீங்களே. அந்த வேகத்திலதான் என்ட மானத்த வாங்கிச்சி உங்கட பெட்டி.”

நடந்ததைக் கேட்டு அவர் முகம் வாடியது. “கண்ணாடிக்கு வெளிநாட்டுப் படங்களக் காட்டித்தான் படிப்பிச்ச மாமி. அங்க இடுப்புக்குக் கீழ பாவாட மாதிரி இருந்தா அது பொம்புள. நம்மட ஆம்புளயள் சாரன் உடுக்கிற அதுக்குத் தெரியா.”

“அப்ப கண்ணாடிய மாத்துங்க.”

“வெட்டின கண்ணாடிய மாத்த ஏலா. பின்னால இரிக்கிற சிப்புக்குத் திரும்பப் படிப்பிக்கலாம். சாரன் உடுத்த ஆக்கள்ட பதிவு தாராளமா இரிக்கி. மாமாட மட்டுமே எவ்வளவோ கிடக்கு.”

சொன்ன பிறகுதான் அவருக்கே விளங்கியது.

“என்ன கிடக்கு? ஒண்டும் வெச்சிக்கிற இல்ல எண்டுதானே சென்னீங்க?”

“படம் இல்ல மாமி. அந்தப் புள்ளிகள்ட நம்பர் மட்டும்.”

“எங்க?”

“கெம்பஸ் கம்பியூட்டர்ல.”

அங்கே இவரோடு இன்னும் ஆண்கள் வேலை செய்கிறார்கள் என்பது எனக்குத் தெரியும்.

“நான் உடுப்புத் தைக்கிறவள். தோள், இடுப்பு, கை நீளமெண்டு நாலு நம்பரத் தந்தா அது ஆருட உடுப்பெண்டு செல்லுவன். நம்பருக்குள்ள ஆள் இல்லயெண்டு எனக்குச் செல்லாதீங்க. அத வெச்சித் திரும்ப ஆளக் கட்ட ஏலாதா?”

“ஏலா மாமி” என்றார். நான் கேட்டு முடிக்குமுன்னே சொன்னார். அந்த அவசரம்தான் எனக்குப் பிடிக்கவில்லை.

பெட்டியை அன்றே கழற்றிவிட்டார். மகள் என்னோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. “உங்களுக்கு உதவியா இருக்கட்டுமெண்டுதான் அவர் வெச்சிருந்த. கள்ளனக் கேக்கிற மாதிரிக் கேக்கிறீங்க உம்மா” என்று மட்டும் ஒரு முறை சொன்னாள். அவள் சொன்னதும் நியாயம்தான். ஆனாலும் பெட்டியைக் கழற்றியதால் எனக்கு நிம்மதி வரவில்லை. இத்தாவில் இருந்த நானும், என்னை நம்பி என் வாசலுக்கு வந்த பெண்களும் எங்கோ ஒரு கம்பியூட்டருக்குள் நின்றுகொண்டிருக்கிறோமா இல்லையா? அது தெரியாமல் சோறு இறங்கவில்லை.

சில நாட்கள் மருமகன் வீட்டுக்குச் சுணங்கி, இரவானபிறகே வந்தார். பிறகு ஒரு நாள் பின்னேரம், அஸர் தொழுகைக்குப் பின் என் முன்னால் வந்து உட்கார்ந்தார். மடிக்கணினி மடியில் இருந்தது. கண்கள் சிவந்திருந்தன.

“நீங்க கேட்ட சரி மாமி. ஏலும்.”

தைத்துக்கொண்டிருந்த துணியைக் கீழே வைத்தேன்.

“இன்னொரு வலைக்குப் புள்ளியளயும் ஆக்கள்ட படங்களயும் சேர்த்துக் காட்டினா, மறுகா அது புள்ளியில இருந்து ஆளக் கட்டுது. பொம்புளயள்டய நான் தொடல்ல, சத்தியமா. மாமாட ஒண்டத்தான் எடுத்துப் பார்த்த.” மடிக்கணினியின் மூடியில் கை வைத்தார். “பாக்கிறீங்களா?”

வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். என்னால் முடியவில்லை. என் கணவரின் படம் என்று எங்களிடம் இருந்தது அடையாள அட்டையில் விறைத்துப்போய் இருக்கும் முகம் மட்டும்தான். ஒவ்வொரு நாளும் வீட்டுக்கு வருகிற மனிதனை யார் படம் பிடித்து வைப்பார்கள்?

திரையில் அவர் வந்துகொண்டிருந்தார். மங்கல்தான். ஆனால் இடத் தோள் தாழ்ந்த அந்த நடை அவருடையது. சாரனின் முன்மடிப்பை இடக் கையால் தூக்கிப் பிடிக்கும் விதம் அவருடையது. எனக்கு அழுகை பீறிட்டு வந்தது. திரையைத் தொட்டேன், விரல் படலாமா என்று கேட்கவும் இல்லை.

பிறகுதான் முகத்தைப் பார்த்தேன். மூக்கு எடுப்பாக இருந்தது. தாடி ஒழுங்காக வெட்டியிருந்தது. கண்கள் யாரோ ஒருவருடையவை.

“இது இவர்ட முகமில்லயே.”

“தெரியாத இடத்த அது வேற ஆக்கள்ட முகத்தில இருந்து நிரப்பும் மாமி.”

“எவ்வளவு இவர்ட? எவ்வளவு நிரப்பின?”

“அது எனக்கும் தெரியா.”

என் கணவருடைய தோள்மேல் யாரோ ஒரு அந்நிய ஆண் இருந்துகொண்டு என்னையே பார்த்தான். முக்காட்டை இழுத்து முகத்தை மூடிக்கொண்டேன்.

“அழிச்சிருங்க. எல்லாத்தயும்.”

“மாமாடதயுமா?”

“அதத்தான் முதல்ல.”

அடுத்த நாள் மருமகன் வந்து எல்லாவற்றையும் அழித்துவிட்டதாகச் சொன்னார். எங்கள் முன்னால் நின்று சொன்னார், மகளும் கேட்டுக்கொண்டிருந்தாள். இன்னொரு முறை கேட்டேன். “ஓம் மாமி, ஒண்டும் இல்ல” என்றார். பெண்களுடைய பதிவுகளைப் பற்றி அவர் சொன்னதை நான் நம்பினேன், நம்பத்தான் வேண்டும். ஆனால் அந்தத் தோளையும் நடையையும் பற்றி மட்டும் அவர் எனக்குப் பொய் சொல்லியிருக்கட்டும் என்று இன்றைக்கும் மனம் கிடந்து அடிக்கிறது.